ஒரு கரைச்சலும் இல்லை

பாபகூரா,
11 ஜூன் 2024

ரஜிதனின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும்.

தங்கச்சி வித்தியா வீட்டில் இருக்கிறேன். உங்கள் ரெலிபோன் நம்பரை மறித்து வைத்திருக்கிறேன். கதைத்தால் நீங்கள் வகுப்பில் நிற்கிற மாதிரிக் குரலை உயர்த்துவீர்கள், நான் அழுவேன், அழுத கையோடு உங்களுக்குச் சமைக்க ரயில் ஏறிவிடுவேன். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான் நடந்தது. கடிதத்தில் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

"கொம்மாவுக்கு என்ன விசர் பிடிச்சிருக்கு?" என்று வெலிங்டனில் இருக்கிற மகனைக் கேட்டீர்களாம். என்ன விசர் என்று உங்களுக்கே சொல்கிறேன்.

போன சனிக்கிழமை அந்தப் பிள்ளை மஹதி பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தாள். உங்கள் முள்ளந்தண்டு இறுகுகிற வருத்தத்துக்கு வந்திருக்கிற புது ஊசியை அரசாங்கச் செலவில் கூடுதல் பேருக்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கான ஆய்வு. உங்கள் டொக்டர்தான் உங்கள் பெயரைக் கொடுத்தார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டாள்: "சார், குளிக்கிறது, டிரஸ் பண்ணிக்கிறது, இதுல உங்களுக்குப் பிரச்சனை ஏதாவது இருக்கா?"

"ஒரு கரைச்சலும் இல்லை" என்றீர்கள்.

அன்று காலை ஆறு மணிக்கு உங்களைக் கட்டிலில் ஒருபக்கம் சரித்து, கால்களைக் கீழே இறக்கி, தோளைக் கொடுத்து எழுப்பினேன். குளியலறையில் ஸ்டூலில் இருத்தி முதுகும் காலும் தேய்த்துக் கழுவினேன். உள்ளாடையில் இருந்து சொக்ஸ் வரைக்கும் நான் போட்டுவிட்டேன். சட்டைப் பொத்தானை மட்டும் நீங்கள் பூட்டினீர்கள். பத்து மணிக்கு அந்தப் பொத்தானைத் தடவிக்கொண்டு ஒரு கரைச்சலும் இல்லை என்கிறீர்கள்.

நடக்க? கரைச்சல் இல்லை. வீட்டு வேலை? இல்லை. நோவு? இல்லை. மனக்கவலை இருக்கா என்று கேட்டதற்குச் சிரித்தீர்கள்.

பிறகு அந்தப் பத்து வருடக் கேள்வி. "சார், இப்ப இருக்கிற நிலைமையில பத்து வருஷம் வாழலாம். இல்லன்னா எந்த நோயும் இல்லாம அதைவிடக் குறைஞ்ச வருஷம் வாழலாம். சுகமா இருக்கிறதுக்காகப் பத்துல எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுப்பீங்க?"

"ஒரு நாளும் குடுக்கமாட்டன், தங்கச்சி. இப்ப இருக்கிற மாதிரியே பத்தும் வேணும்."

இப்போது இருக்கிற மாதிரியே. வடிவாகச் சொன்னீர்கள்.

அவள் போகும்போது வாசலில் மறித்து, இவருக்கு எத்தனை மார்க்ஸ் என்று கேட்டேன். "பூஜ்யம்னா சாவு, ஒண்ணுன்னா முழு ஆரோக்கியம் ஆன்ட்டி. சாருக்கு முழுசா ஒண்ணு" என்றாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்த உங்கள் ஊன்றுகோலை அவளும் கண்டுவிட்டாள்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு முதுகு கழுவினால் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். செய்த வேலை அது. வீட்டில் அதே வேலை ஒன்றுமில்லை ஆகிவிட்டது. நான் கழுவிவிட்டால் உங்களுக்குக் கரைச்சல் இல்லை. அப்போ நான் யார்? சவர்க்காரமா?

அவளிடம் ஒரு வெற்றுப் படிவம் வாங்கி வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். "இன்று உங்கள் உடல்நிலை" என்றுதான் மேலே போட்டிருக்கிறது. நான் இல்லாத ஒரு நாளில் நிரப்புங்கள்.

புஷ்பவதி

ஏவன்டேல்,
16 ஜூன் 2024

திருமதி புஷ்பவதி ஜெயரட்ணம் அவர்களுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை. சிவப்புப் பேனையால் திருத்தி வைத்திருக்கிறேன்.

நான் ஊரில் ஒன்பது வருடம் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன். ஒன்றை அளப்பதென்றால் முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். மேசையின் நீளத்தை அறிவதற்கு மேசையிடமே போய் "நீ எவ்வளவு நீளம்?" என்று கேட்பவனை மூடன் என்று சொல்லுவோம். இந்த நாட்டில் அவனுக்குக் கலாநிதிப் பட்டம் கொடுக்கிறார்கள். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில். அதைக் கூட்டிக் கழித்து ஒரு மனிதன் தசம் ஏழு இரண்டு என்று சொல்லிவிடுவார்களாம். சாவு பூச்சியமாம். இதை வகுத்தவர்களில் ஒருவராவது சாவைக் கிட்ட நின்று பார்த்திருந்தால் அதற்கு ஒரு இலக்கம் கொடுக்கத் துணிந்திருக்க மாட்டார்.

பத்து வருடக் கேள்வியைக் கேட்ட விதத்தையும் நீர் கேட்டிருக்கிறீர். "ஒன்பது வருஷம்னா ஓகேவா சார்? ஒன்பதரை?" ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் கத்தரிக்காய்க்காரனோடு நீர் பேரம் பேசுவது இதைவிட மரியாதையாக இருக்கும். அப்படிப்பட்ட கேள்விக்கு எந்தப் பதில் தகுமோ அதைக் கொடுத்தேன். முழு ஒன்று வந்ததென்றால் அவர்களுடைய கருவி பழுது என்றுதான் அர்த்தம்.

இதில் உமக்கு என்ன அவமானம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளை உம்மைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் உம்மைப் பற்றி ஒரு பதிலும் சொல்லவில்லை. ஆறு கிழமைப் பயிற்சி எடுத்துவிட்டு நாலு கிழவர்களைக் கழுவியதும் மருத்துவம் தெரியும் என்ற நினைப்பு உமக்கு வந்துவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன். முதல் நாள் கொஞ்சம் நேரம் எடுத்தது. இப்போது எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. தெரு முனையில் டெயரிக் கடை வைத்திருக்கிற மனோஜ் பாலும் பாணும் கொண்டுவந்து தருகிறார். படிவத்தை நிரப்பி இணைத்திருக்கிறேன். ஐந்துக்கும் ஒரே பதில்தான்.

செ. ஜெயரட்ணம்

பாபகூரா,
23 ஜூன் 2024

ரஜிதனின் அப்பாவுக்கு,

படிவம் வந்தது. ஐந்து சரி அடையாளமும் நேராக, ஒரே அளவில் இருக்கின்றன. கை நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மட்டும் உங்களுக்கு ஒன்று போடலாம்.

உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள், என்னைப் பற்றிச் சொல்லவில்லை என்கிறீர்கள். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும் எண்ணிக் காட்டுகிறேன், கணித வாத்தியாருக்கு உதவும்.

2019இல் வீட்டு உதவி தேவையா என்று மதிப்பிட ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். நான் ஆறு மாதம் அலைந்து எடுத்த நாள் அது. காலையில் வந்து குளிக்க வார்க்க ஆள் அனுப்புவார்கள் என்று சொன்னார்கள். நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தீர்கள். கோட்டைப் போட்டுவிட்டதும் நான்தான். "மை வைஃப் வொரிஸ் டூ மச்" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தீர்கள். உதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. 2022இல் இன்னொருத்தி வந்தாள். அவளை வாசல் வரைக்கும் நடந்து போய் வழியனுப்பினீர்கள். அந்தப் பதினைந்து அடிக்காக இரண்டு நாள் படுத்துக் கிடந்தீர்கள். அவள் போன பிறகு மருந்து தடவியது யார் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் ஒவ்வொரு "கரைச்சல் இல்லை"யும் என் முதுகில்தான் வந்து ஏறியது. மார்ச் மாதத்தில் இருந்து என் வலது தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. டொக்டர் படம் எடுத்துக் காட்டினார். உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் உங்களைப் பார்த்துப் பாவப்படுவீர்கள், அதற்கும் நான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

மஹதிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். ஊசி போட்டால் ஒரு நோயாளி எவ்வளவு ஏறுகிறார் என்பதை வைத்துத்தான் அதன் பெறுமதியைப் பார்ப்பார்களாம். தசம் நான்கில் இருந்து தசம் எட்டுக்கு ஏறினால் அது பெரிய விஷயம். நீங்கள் ஏற்கெனவே ஒன்றில் குந்தியிருக்கிறீர்கள். ஊசி போட்டு உங்களை எங்கே ஏற்றுவது, ஒன்றே காலுக்கா?

உங்களைப் போல அறுபது பேரை அந்தப் பிள்ளை கேட்கிறாளாம். அதில் எத்தனை பேர் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் கிடக்கிறார்களோ தெரியாது. உங்கள் வீம்பு அவர்களுடைய கணக்கிலும் போய்ச் சேருகிறது. கேள்வி மூடத்தனம் என்று சொல்வதற்கு மூளை வேண்டியதில்லை. உண்மையைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் முள்ளந்தண்டு வேண்டும். உங்களுடையது வளையவே வளையாதே, பிறகேன் இந்தப் பயம்?

இந்தக் கிழமை நான் ஏழு மணி வரைக்கும் நித்திரை கொண்டேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எண்ணவில்லை.

புஷ்பவதி

ஏவன்டேல்,
29 ஜூன் 2024

புஷ்பவதிக்கு,

தோள் விஷயத்தை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒளித்து வைத்து நாலு மாதத்துக்குப் பிறகு கல்லைப் போல எறிவது எந்த வகையான நேர்மை? நான் பொய் சொன்னேன் என்கிறீர். நீரும் தினமும் காலையில் என்னைத் தூக்கும்போது பொய்தான் சொன்னீர்.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன், சமையல் மேசையில் வைத்து. விருப்பத்தோடுதான். நின்று எழுதினால் யோசனை தெளிவாக ஓடுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன், நீர் நக்கல் அடிக்காமல் வாசிக்க வேண்டும். ரஜிதனைவிடச் சின்னது அந்த மஹதிப் பிள்ளை. எனக்கு முன்னால் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருந்து, உங்களால் குளிக்க முடிகிறதா என்று கேட்கிறது. நான் பதில் சொன்னால் அது ஒரு மெஷினுக்குள் போகும். யார் யாரோ அதைப் பார்ப்பார்கள். பெயர் இருக்காது என்கிறார்கள். எனக்குத் தெரியும்தானே அது நான் என்று. இந்த நாட்டுக்கு வந்து என்னிடம் மிச்சம் இருந்ததெல்லாம் குளியலறைக் கதவு ஒன்றுதான். அதற்குள் நீர் வருகிறீர். வேறு யாரும் வரக்கூடாது. அவ்வளவுதான்.

நீர் அதையும் திறந்து வைத்துவிட்டு வித்தியா வீட்டில் போய் நித்திரை கொள்கிறீர். நல்லது. கொள்ளும்.

ஒரு படிவத்துக்காகக் குடும்பத்தை விட்டுப் போன முதல் பெண் நீராகத்தான் இருக்கும்.

ஜெயரட்ணம்

பாபகூரா,
5 ஜூலை 2024

ரஜிதனின் அப்பாவுக்கு,

விருப்பத்தோடு நின்று எழுதுகிறீர்களாம். கதிரையில் இருந்தால் எழும்ப ஏலாது. தூக்கிவிட ஆள் இல்லை. அதனால்தான் நிற்கிறீர்கள். பகல் முழுவதும் நிற்கிறீர்கள், இல்லையா? கால் வீங்கியிருக்கும். சொக்ஸ் இல்லாமல் இந்த ஜூலைக் குளிரில் வெறும் செருப்போடு திரிகிறீர்கள் என்று மனோஜ் வித்தியாவின் புருஷன் வசீகரனுக்குச் சொல்லியிருக்கிறார். வசீகரன் உங்களைப் பார்க்க வந்தபோது கதவைச் சங்கிலியோடு நாலு விரல் அளவுக்குத் திறந்து "எல்லாம் சுகம் தம்பி" என்று அனுப்பினீர்களாம். "அண்ணையிட்ட ஒரு மாதிரி மணம் அக்கா" என்று வந்து சொன்னான். அதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நேற்று எனக்கு வேலை இல்லை. விடியவே எழும்பிப் புட்டு அவித்து, மீன் குழம்பு வைத்து, கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். ஒடாஹுஹு வந்தபோது இறங்கிவிட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. பிளாட்போமில் இருந்தேன். மூன்று ரயில் போனது. நான் வந்தால் என்ன நடக்கும்? உங்களைக் கழுவுவேன், உடுப்பு மாற்றுவேன், சாப்பாடு தருவேன். அடுத்த கிழமை மஹதி இரண்டாம் முறை கேட்க வருவாள். நீங்கள் பளிச்சென்று இருந்துகொண்டு அதே பதிலைச் சொல்லுவீர்கள். அதற்கு ஆயத்தப்படுத்துவது நானாக இருக்கும். உங்கள் பொய்க்கு இஸ்திரி போடுகிறவள் நான்.

புட்டை நானே சாப்பிட்டேன், பிளாட்போமில் இருந்து, கையால். ஒரு சமோவாக்காரி பார்த்துக்கொண்டிருந்தா. அவவுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். பிறகு எதிர்ப் பக்கத்துக்குப் போய் பாபகூரா ரயில் ஏறினேன்.

நீங்கள் குளியலறைக் கதவைப் பற்றி எழுதியதை நக்கல் அடிக்காமல்தான் வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கதவுக்கு உள்ளே நானும் அடைபட்டிருந்தேன் என்பது உங்கள் யோசனையில் ஒரு தரமும் வரவில்லை.

புஷ்பவதி

ஏவன்டேல்,
14 ஜூலை 2024

புஷ்பம்,

நேற்று அந்தப் பிள்ளை வந்தது.

வருவதற்கு முன்னால் சட்டை மாற்றலாம் என்று அறைக்குப் போனேன். ஒரு கையைக் கழற்றினேன். மற்றக் கை தோளுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பாதிச் சட்டையோடு ஐந்து நிமிடம் நின்றேன். வெளியில் நின்று "சார், இருக்கீங்களா? நான் வேணா இன்னொரு நாள் வரட்டுமா?" என்று கேட்டாள். போ என்று சொல்ல வாய் எடுத்தேன். ஊன்றுகோல் கை தவறி விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க ஏலாது, அது இல்லாமல் நடக்கவும் ஏலாது. "கதவு பூட்டேல்லை, உள்ள வாங்கோ தங்கச்சி" என்றேன். மனோஜ் பால் வைத்துவிட்டுப் போன கதவு அது.

அவள் ஊன்றுகோலை எடுத்துத் தந்தாள். சட்டையை ஒன்றும் கேட்காமல் இழுத்துச் சரிசெய்துவிட்டாள். அது நாலு நாள் போட்ட சட்டை. வசீகரன் சொன்ன மணம் அவளுக்கும் வந்திருக்கும். முகம் சுளிக்கவில்லை. போய் யன்னலைக் கொஞ்சம் திறந்தாள், அவ்வளவுதான்.

நான் இருக்கவில்லை. அவளும் நின்றுகொண்டே கேட்டாள். நடக்கிற கேள்விக்குப் பதில் சொன்னேன். குளிக்கிற, உடுக்கிற கேள்வி வந்தது. என் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது.

"சார், கஷ்டமா இருந்தா இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடலாம்."

"விடாதேங்கோ. கடைசிப் பதிலைப் போடுங்கோ."

"கடைசியா? 'என்னால் முடியாது'ங்கிறதா சார்?"

"ஓம். அதுதான்."

போட்டாள். வானம் இடிந்து விழவில்லை. நான் ஐந்து கிழமையாக ஒழுங்காகக் கழுவவில்லை என்றும் சொன்னேன். அதற்குப் படிவத்தில் இடம் இல்லையாம்.

பிறகு அந்தப் பத்து வருடம். நான் கேட்டேன்: "அந்தப் பத்து வருஷத்திலை என்ரை மனுசி இருக்கிறாவோ?"

அவளுக்கு விளங்கவில்லை. "நீங்க எப்படி நினைச்சுக்கிறீங்களோ அப்படி சார். கேள்வியில அது இல்ல."

"இல்லாட்டி இது என்ன கேள்வி? அவ இருந்தால் ஒரு நாளும் விடமாட்டன். போன முறை சொன்னது பொய்யில்லை, அவ குசினிக்குள்ளை நிண்டவ. அவ இல்லாட்டிப் பத்திலை ஆறை எடுத்துக்கொண்டு போங்கோ. இரண்டையும் எழுதுங்கோ."

"ஒரே ஒரு நம்பர்தான் சார் போட முடியும்."

பாரும், இதுதான் அவர்களுடைய விஞ்ஞானம். ஒரு மனிதனின் வாழ்க்கைக்கு ஒரே ஒரு கட்டம். என் அபிப்பிராயம் மாறவில்லை. இந்த அளவுகோல் குப்பை. ஆனால் நான் அதைவிடப் பெரிய குப்பையை அதற்குள் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு என்று போடச் சொன்னேன். முன்னைய பதிலைப் பற்றி என்ன செய்வது என்று தன் பேராசிரியரைக் கேட்பதாகச் சொன்னாள். அந்த ஐந்து கேள்விக்கும் முதலில் சொன்னது பொய் என்று என் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவள் போன பிறகு வீட்டு உதவி மதிப்பீட்டுக்காரருக்கு ரெலிபோன் எடுத்தேன். இருபது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒருத்தி வந்து என்ன பிரச்சினை என்றாள். என்னால் தனியாகக் குளிக்க முடியாது என்று இங்கிலீசில் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னாள், கேட்கவில்லையாம். திருப்பிச் சொன்னேன். பிறகு என் மனுசியின் தோளைப் பற்றியும் சொன்னேன். அதை அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

உம்மை வரச் சொல்லி இதை எழுதவில்லை.

ஜெயரட்ணம்

பாபகூரா,
4 ஆகஸ்ட் 2024

ரஜிதன் அப்பா,

மதிப்பீட்டுக்கு வந்தவர்களிடம் நீங்கள் உண்மை சொன்னீர்கள் என்று ரஜிதன் சொன்னான். அன்று அவனைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி வெலிங்டனில் இருந்து கூப்பிட்டீர்களாமே. "அம்மா, ஹி க்ரைட்" என்றான். நீங்கள் அழுததற்காக நான் பரிதாபப்படவில்லை. உங்களைப் பார்த்துக்கொண்ட பதினொரு வருடத்தில் நான் அழுத இடமெல்லாம் கார் நிறுத்துமிடமும் வேலைத்தளத்து லாண்டரியும்தான். எனக்கு யாரும் பக்கத்தில் இருக்கவில்லை.

அந்த ஊன்றுகோல் விழுந்ததை வாசித்தபோது ஒரு பக்கம் நெஞ்சு பதறியது, மற்றப் பக்கம் நல்லாய் வேணும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை. எனக்கும் ஒரு கட்டம் போதாது.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். மஹதி இங்கே வந்தாள். பராமரிக்கிற ஆட்களையும் கேட்க வேண்டும் என்று தன் பேராசிரியரோடு சண்டை பிடித்து ஒரு படிவம் செய்திருக்கிறாள். உங்கள் கதையைக் கேட்டுத்தான் அந்த யோசனை வந்ததாம். என்னிடமும் அதே மாதிரிக் கேள்வி. முன்பு போலவே உங்களைப் பார்த்துக்கொண்டு பத்து வருடம். அல்லது ஒருவரையும் தூக்காமல், கழுவாமல், அதைவிடக் குறைந்த வருடம். எத்தனையை விட்டுக்கொடுப்பேன்?

வித்தியா பக்கத்தில் நின்று, ஒன்றும் இல்லை என்று சொல்லு அக்கா என்று கண்ணைக் காட்டினாள். எங்கள் சனத்துக்கு அது ஒன்றுதான் தெரியும். ஒருத்தனுக்கு வருத்தம் வந்தால் ஒருத்தியை அவனுக்குக் கீழே தூணாக நட்டுவிட்டுத் தெய்வம் என்பார்கள். கோயிலில் என்னைக் காட்டி "என்ன பொறுமை, என்ன பொறுமை" என்று சொன்ன ஒரு மனுசியாவது ஒரு நாள் வந்து உங்களை ஸ்டூலில் இருத்தியிருப்பாளா?

மூன்று என்றேன். பத்தில் மூன்று வருடம். இரண்டரை என்று அவள் குறைத்துக் கேட்டாள். இல்லை, மூன்று என்றேன்.

இதை உங்களிடம் மறைத்து வைத்து நாலு மாதத்துக்குப் பிறகு எறியப் போவதில்லை. இப்போதே சொல்கிறேன். நோகும். நொந்துகொள்ளுங்கள்.

உதவிக்கு வருகிற ஆள் ஒரு கிழமை முழுவதும் வந்த பிறகு எனக்கு எழுதுங்கள். அவர் வரமுன்னம் நான் வரமாட்டேன். வந்தாலும் அந்த வேலைக்கு வரமாட்டேன்.

புஷ்பவதி

ஏவன்டேல்,
22 ஆகஸ்ட் 2024

புஷ்பம்,

ஆள் எட்டு நாளாக வருகிறார். சியோனே என்று பெயர், தொங்காத் தீவுக்காரர். கதவு நிறைந்த உருவம். என்னை "பாஸ்" என்று கூப்பிடுகிறார். தண்ணீரை நாய்க்கு ஊற்றுவது போல ஊற்றுகிறார், அதற்கு மேலே தேவாலயப் பாட்டு வேறு. முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டில் பிழை வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் முதுகைத் துடைக்கிற முறை பிழை என்று சொல்லிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பரவாயில்லை. உம்மளவுக்கு இல்லை. உம்மளவுக்கு வரவும் வேண்டாம், அது தோளைக் கிழிக்கிற வேலை என்று இப்போது பார்க்கிறேன். இவ்வளவு பெரிய மனிதனே என்னைத் தூக்கி முடிய மூச்சு வாங்குகிறார்.

ஊசி விஷயம் அடுத்த வருடம்தான் தெரியுமாம். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். அந்தப் பிள்ளை ரெலிபோன் எடுத்துச் சொன்னது. என் இரண்டாவது பதிலைத்தான் எடுத்துக்கொண்டார்களாம். முதலாவதை வெட்டிவிட்டார்கள்.

இனி மூன்றைப் பற்றி.

இரண்டு நாள் உம்மோடு கோபித்துக்கொண்டு கதைக்காமல் இருந்தேன். நீர் இங்கே இல்லாதபடியால் உமக்கு அது தெரிந்திருக்காது. மூன்றாம் நாள் ஒரு கடதாசி எடுத்து, உம்முடைய இடத்தில் என்னை வைத்து அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். காலை ஆறு மணி, ஸ்டூல், முதுகு, கால், சொக்ஸ், பிறகு ரயில், பிறகு வேறு நாலு பேருடைய முதுகு, பின்னேரம் திரும்பி வந்தால் வெற்றிலை போட்டமாதிரி வாயை வைத்துக்கொண்டு ஒற்றுப் பிழை பார்க்கிற ஒருவன். எனக்கு எட்டு வந்தது. திருப்பிச் செய்தேன். எட்டுத்தான். நீர் எப்போதும் கணிதத்தில் பலவீனம்.

மூன்று போக ஏழு மிஞ்சும். அந்த ஏழில் நான் இருக்கிறேனா இல்லையா என்று படிவம் கேட்டிருக்காது. நான் கேட்கிறேன்.

பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

ஜெயரட்ணம்